முயற்குட்டி மீட்ட மலைநாடு

1958ஆம் ஆண்டு, ஈஸ்டர் விழாவை அடுத்த திங்கட்கிழமை. இங்கிலாந்து நாட்டில் லெஸ்லி லிண்டர் என்னும் பொறியியல் வல்லுநர் ஒருவர் சில பழைய தாள்களைத் தம் முன்னே பரப்பிக்கொண்டு அமர்ந்திருந்தார். எறும்பு ஊர்ந்தாற்போன்ற நுண்ணிய எழுத்துக்கள் அத் தாள்களில் நிறைந்திருந்தன. பார்வைக்கு ஆங்கிலம்போல் தோன்றின. ஆனால் படிக்கப் புகுந்தால் ஒரு சொல்லும் பொருள்படவில்லை. சில ஆண்டுகளாகவே லிண்டர் அவற்றோடு போராடித் தோற்றிருந்தார். அன்று மீண்டும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று அமர்ந்தவரின் கண்ணில், ஓரிடத்தில் இரண்டு குறிகள் பட்டன. ஒன்று, பதினாறு என்பதைக் குறிக்கும் உரோமானிய எண். மற்றொன்று, 1793 என்னும் ஆண்டு.

வரலாறு பயின்ற மாணவர்கள் இந்நேரம் விடையை ஊகித்திருப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது பதினாறாம் லூயி மன்னன் தலை துணிக்கப்பெற்ற ஆண்டு 1793 அன்றோ? அப்படியானால், அவ்விடத்தில் ‘கொல்லப்பட்டான்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் வந்திருக்க வேண்டும் என்று லிண்டர் கருதினார். கருதியது சரியாயிற்று. ஒரு சொல்லின் எழுத்துக்கள் விளங்கவே, அவற்றைக் கொண்டு அடுத்த சொல், அதனைக் கொண்டு மற்றொரு சொல் என்று பூட்டுக்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. நள்ளிரவுக்குள் அம் மறையெழுத்து ஏறத்தாழ முழுவதும் புலனாகிவிட்டது.

அவ்வாறு வெளிப்பட்டது யாது? அரசியல் சூழ்ச்சியா? புதையல் இருக்கும் இடமா? இரண்டும் அல்ல. பதினைந்து வயதளவில் ஒரு பெண் எழுதத் தொடங்கி, முப்பது வயது வரை எழுதி வந்த நாட்குறிப்பு அது. கண்ட ஓவியங்கள், வளர்த்த விலங்குகள், பெரியோர் பேசக் கேட்டவை, காட்டில் பொறுக்கிய காளான்கள் ஆகியவையே அதன் பொருள். இவற்றில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அப் பெண்ணுக்குத் தனக்கென்று சொல்லிக்கொள்ளத்தக்க உடைமை வேறு எதுவும் இல்லாதிருந்தது. தன் எண்ணங்களையேனும் தனக்கு மட்டும் உரியனவாக வைத்துக்கொள்ள விரும்பினாள் போலும்! அப் பெண்தான் உலகக் குழந்தைகள் யாவரும் அறிந்த ‘பீட்டர் முயல்’ கதையை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

அவருடைய கதைகளின் இனிமையை மட்டும் இன்று நாம் காணப்போவதில்லை. அடைபட்டுக் கிடந்த ஒரு வாழ்க்கை, கூர்ந்து நோக்கும் பழக்கம் ஒன்றையே திறவுகோலாகக் கொண்டு எவ்வாறு விடுதலை பெற்றது என்பதையும், அவ் விடுதலையால் ஒரு மலைநாடு எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்பதையும் காண்போம்.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் தென் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ரூபர்ட் பாட்டர் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். ஆயினும் அத் தொழிலை நம்பி வாழ வேண்டிய நிலையில் அவர் இல்லை. குடும்பத்தின் செல்வம் இலங்காஷயர்ப் பருத்தித் தொழிலில் விளைந்தது. பாட்டனார் எட்மண்டு பாட்டர், துணிகளில் வண்ண உருவங்கள் அச்சிடும் பெரிய ஆலையை நடத்தியவர். ‘காலிகோ’ எனப்படும் அத் துணியின் பெயரே நம் நாட்டுக் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். இந்தியக் கைத்தறியாளரின் கலையை இயந்திரத்தால் ஆக்கி விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பங்களுள் பாட்டர் குடும்பமும் ஒன்று.

செல்வம் இருந்தது, விடுதலை இல்லை. அக்காலத்துச் செல்வக் குடியில் பிறந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அருகியே இருந்தது. வீட்டு ஆசிரியைகளிடமே பியாட்ரிக்ஸ் பயின்றார். ஆறு வயது இளைய தம்பி பெர்ட்ரம் ஒருவனே விளையாட்டுத் தோழன். அவனும் வயது வந்ததும் விடுதிப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். எஞ்சியவை விலங்குகளே. முயல்கள், சுண்டெலிகள், முள்ளெலி, வெளவால், தவளை எனப் பல உயிர்கள் அவருடைய படிப்பறையில் வாழ்ந்தன. அவற்றைக் கொஞ்சி மகிழ்ந்ததோடு அவர் நின்றாரல்லர். அவை எவ்வாறு உண்கின்றன, எவ்வாறு உறங்குகின்றன, அஞ்சும்போது காதுகளை எவ்வாறு மடக்குகின்றன என்பவற்றையெல்லாம் நோக்கி நோக்கி வரைந்தார். இறந்த விலங்குகளைத் தம்பியோடு சேர்ந்து கொதிநீரிலிட்டு, எலும்புகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததும் உண்டு. மென்மையான கதைகளை எழுதிய கை, உண்மையைக் கண்டு கூசாத கை என்பதை இங்கே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் கோடையில் குடும்பத்தார் இலண்டனை விட்டு நீங்கிச் சில திங்கள் நாட்டுப்புறத்தில் தங்குவர். 1871 முதல் 1881 வரை ஸ்காத்லாந்தில் டால்கைஸ் என்னும் இடம். 1882இல் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரி மாவட்டம். மலைகளும், அவற்றின் இடையே நீண்டு கிடக்கும் ஏரிகளும், கல் அடுக்கிய வேலிகளும், ஆட்டு மந்தைகளும் நிறைந்த நாடு அது. அங்கே ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் சமயகுருவின் நட்பு அக் குடும்பத்திற்குக் கிடைத்தது. இயற்கை வளம் மிக்க நிலங்களையும் பழைய கட்டடங்களையும் மக்களுக்கென்று காக்கும் பொருட்டு, 1895இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிலையத்தைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர் இவர். இவருடைய சொல் இளம்பெண்ணின் உள்ளத்தில் விதையாக விழுந்தது. அது முளைத்து மரமாகும் காலம் பின்னால் வந்தது.

முதலில் அவர் நாடிய துறை கதையன்று, அறிவியல். ஸ்காத்லாந்தில் சார்லஸ் மக்கின்டாஷ் என்னும் அஞ்சற்காரர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் கடிதங்களைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்த அவர், வழியிலுள்ள செடிகொடிகளையெல்லாம் கண்டறிந்து இயற்கை நூலறிவில் தேர்ந்தவரானார். அவர் அரிய காளான்களை அஞ்சல் வழியே அனுப்புவார். பாட்டர் அவற்றை வண்ணத்தில் வரைந்து படங்களை அவருக்கு அனுப்புவார். வரைவதோடு அமையாது, நுண்பெருக்கியின் கீழே காளானின் நுண்வித்துக்களை முளைக்கச் செய்து, அவை வளரும் முறையையும் பாட்டர் ஆராயத் தொடங்கினார்.

புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் சர் ஹென்றி ராஸ்கோ அவருடைய உறவினர். அவர் துணையால், 1896இல் கியூ தாவரப் பூங்காவில் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது. ஆயினும் பூங்காத் தலைவர் அவருடைய முயற்சியைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரல் முதல் நாள், காளான் வித்துக்கள் முளைக்கும் முறைபற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டன் லின்னேயன் கழகத்தில் அளிக்கப்பெற்றது. அளித்தவர் அவர் அல்லர். ஜார்ஜ் மாசி என்னும் கியூ அறிஞர். ஏனெனில், அக் கழகத்தின் கூட்டங்களில் அக்காலத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. தாம் கண்ட உண்மைபற்றிப் பிறர் எழுப்பும் ஐயங்களுக்குத் தாமே எழுந்து விடை கூறும் வாய்ப்பு ஆராய்ந்தவருக்கே கிடைக்கவில்லை. ஆராய்ச்சி இன்னும் விரிவடைய வேண்டும் என்ற நிலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது அச்சேறாமலே மறைந்து போயிற்று.

லின்னேயன் கழகம் 1904ஆம் ஆண்டின் இறுதியில்தான் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தது. பாட்டர் அம்மையாருக்கு நேர்ந்த குறைக்கு அக் கழகம் 1997இல் வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழிந்து வந்த வருத்தம்! அவர் வரைந்த காளான் ஓவியங்களோ அழியவில்லை. 1967இல் வெளிவந்த காளான் நூல் ஒன்றில் அவற்றுள் 59 ஓவியங்கள் இடம்பெற்றன. கதைக்காக அன்று, பிழையற்ற நோக்கிற்காகவே அறிவியலார் அவற்றை எடுத்தாண்டனர் என்பது எண்ணத்தக்கது.

அறிவியலின் வாயில் அடைபட்டது. மற்றொரு வாயில் திறந்து கிடந்தது. அதனை அவரே அப்போது உணர்ந்திலர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1893 செப்டம்பர் 4ஆம் நாள், நோயுற்றுக் கிடந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவன் பெயர் நோயல். அவருடைய பழைய வீட்டு ஆசிரியையின் மூத்த மகன். எழுதுவதற்குச் செய்தி ஒன்றும் தோன்றாமையால், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். அக் கதைதான் பீட்டர் முயலின் கதை. தாய் சொல்லைக் கேளாத ஒரு முயற்குட்டி மக்கிரேகர் என்னும் கிழவரின் காய்கறித் தோட்டத்தில் புகுகிறது, துரத்தப்படுகிறது, நீலச் சட்டையையும் காலணிகளையும் பறிகொடுத்து, உயிர்பிழைத்து வீடு திரும்புகிறது.

சிறுவன் அக் கடிதத்தைப் போற்றி வைத்திருந்தான். சில ஆண்டுகளுக்குப் பின் பாட்டர் அதனைத் திரும்ப வாங்கி, நூலாக விரித்தெழுதிப் பதிப்பாளர் பலருக்கு அனுப்பினார். அனைவரும் மறுத்தனர். குழந்தையின் சிறு கைக்கு அடங்கும் அளவும், எளியோரும் வாங்கத்தக்க விலையும் நூலுக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை விட்டுக்கொடுக்க மனமின்றி, 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். அவை விரைவில் தீர்ந்தன. முன்பு மறுத்த பதிப்பகங்களுள் ஒன்றாகிய பிரடெரிக் வார்ன் நிறுவனம், படங்கள் யாவும் வண்ணத்தில் அமைய வேண்டும் என்ற ஏற்பாட்டின்மேல் நூலை ஏற்றது. 1902 அக்டோபரில் முதற்பதிப்பாக 8,000 படிகள் வெளிவந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் மேலும் பல்லாயிரம் படிகள் அச்சிட வேண்டியதாயிற்று.

இக் கதைகள் ஏன் வாழ்கின்றன? விலங்குகளுக்குச் சட்டை அணிவித்துப் பேசவைத்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் பாட்டர் அம்மையாரின் முயலிடமிருந்து நீலச் சட்டையைக் களைந்துவிட்டால், எலும்பும் தசையும் பிழையாது அமைந்த உண்மை முயலே எஞ்சி நிற்கும். காளானை நோக்கிய அதே கண்ணே முயலையும் நோக்கியது. மேலும், குழந்தைகளிடம் பொய் கூற அவர் ஒருப்படவில்லை. பீட்டரின் தந்தை அதே தோட்டத்தில் பிடிபட்டுக் கிழவரின் வீட்டு உணவாயிற்று என்று கதையின் தொடக்கத்திலேயே தாய் முயல் சொல்லிவிடுகிறது. உலகத்தில் இடர் உண்டு, அதனை அறிந்து நடக்க வேண்டும் என்பதைக் குழந்தை இதனால் உணர்கிறது. 1909இல் வந்த ஒரு கதையில், ‘உறக்கந் தரவல்ல’ என்னும் பொருளுடைய புலமைச் சொல் ஒன்றை அவர் தயங்காமல் வைத்தார். குழந்தைகளுக்கு இதுபோதும் என்று தாழ்த்தி எண்ணாத எழுத்தாளரிடம் குழந்தைகள் அன்புகொள்வதில் வியப்பில்லை.

நூல்களின் வெற்றியோடு துயரமும் தொடர்ந்தது. வார்ன் குடும்பத்தில் இளையவராகிய நார்மன் வார்ன், ஒவ்வொரு நூலையும் அவரோடு கலந்து உருவாக்கியவர். 1905 ஜூலையில் அவர் பாட்டரை மணக்க விரும்பினார், பாட்டரும் இசைந்தார். பெற்றோர் எதிர்த்தனர். பதிப்புத்தொழில் செய்பவர் வணிகர் அன்றோ, நம் குடிக்கு ஏற்றவரா என்பது அவர்கள் வாதம். துணி அச்சிட்டு விற்ற செல்வத்தில் வாழ்ந்தவர்கள், நூல் அச்சிட்டு விற்பவரை இழிவாகக் கருதியது வரலாற்றின் நகைமுரண். அம்மையார் பணியவில்லை. ஆனால் விதி வேறாக இருந்தது. ஒரு திங்களுக்குள், ஆகஸ்டு 25ஆம் நாள், நார்மன் வார்ன் நோயுற்று இறந்தார். அப்போது அம்மையாருக்கு வயது முப்பத்தொன்பது.

அத் துயரத்தின் நடுவே அவ்வாண்டே அவர் ஒரு செயல் செய்தார். ஏரி மாவட்டத்தில் நியர் சோரி என்னும் சிற்றூரில் ‘ஹில் டாப்’ என்னும் சிறு பண்ணையை, நூல்களால் வந்த வருவாயையும் சிறிது மரபுப் பொருளையும் கொண்டு வாங்கினார். பெற்றோர் பொருட்டு இலண்டனிலேயே பெரும்பகுதி இருக்க நேர்ந்தபோதிலும், வாய்ப்பு நேரும்போதெல்லாம் அங்கே சென்றார். அவ்வூர்த் தெருவும், வீட்டு மாடிப்படியும், தோட்டத்து வாயிலும் அவர் படங்களில் இடம்பெற்றன. வாத்தின் முட்டையைக் கோழியின்கீழ் வைத்து அடைகாக்கும் பண்ணை வழக்கத்திலிருந்து, தன் முட்டையைத் தானே அடைகாக்க விரும்பி நரியிடம் ஏமாறும் ஜெமிமா வாத்தின் கதை பிறந்தது.

நிலம் வாங்கும் முயற்சியில் துணைநின்ற வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸ் என்பவரை, பெற்றோரின் மறுப்பையும் கடந்து, 1913 அக்டோபர் 15ஆம் நாள் மணந்தார். அதன்பின் ஊராருக்கு அவர் எழுத்தாளர் பாட்டர் அல்லர். முரட்டுக் கம்பளி உடையும் மரக்காலணியும் அணிந்து, மழையில் ஆடுகளைப் பார்க்கச் செல்லும் திருமதி ஹீலிஸ். கண்பார்வை குறைந்தது, கதைகளும் அருகின.

இங்கேதான் அவருடைய வாழ்வின் பெரும்பணி தொடங்குகிறது. அம் மலைகளில் ‘ஹெர்ட்விக்’ என்னும் ஆட்டினம் உண்டு. கடுங்குளிரையும் பனியையும் தாங்கவல்லது. வேலியில்லாத மலையில் அது மேயும். ஆயினும் தன் பண்ணைக்குரிய எல்லையைவிட்டு அகலாது. தாய் ஆட்டின் பின்னே திரியும் குட்டி அவ்வெல்லையைக் கற்றுக்கொள்கிறது; தான் தாயானபின் தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. எனவே ஒரு பண்ணையின் மந்தையை விற்றுக் கலைத்துவிட்டால், தலைமுறை தலைமுறையாக வந்த அவ்வறிவும் அதனோடு அழிந்துவிடும். நிலத்தை மட்டும் காத்தால் போதாது. அந் நிலத்தில் நடக்கும் உழவையும் மந்தையையும் சேர்த்தே காக்க வேண்டும். இவ்வுண்மையை அம்மையார் தெளிவாக உணர்ந்தார்.

அக்காலத்தில் மலைப்பண்ணைகள் நொடிந்துகொண்டிருந்தன. அவற்றைத் துண்டு துண்டாக வாங்கி மாளிகைகளும் விடுதிகளும் கட்டுவதற்குச் செல்வர் காத்திருந்தனர். அம்மையார் அவர்களை முந்திக்கொண்டார். 1923இல் டிரவுட்பெக் பார்க் என்னும் பெரிய மலைப்பண்ணையை வாங்கி, நோயால் நலிந்திருந்த மந்தையை டாம் ஸ்டோரி என்னும் ஆட்டிடையரின் துணையால் மீட்டார். 1927இல் விண்டர்மியர் ஏரிக்கரையிலுள்ள ஒரு நிலத்தைக் காக்க நிதி திரட்டியபோது, பீட்டர் முயலின் படங்கள் ஐம்பதைத் தம் கையால் வரைந்து அமெரிக்காவில் விற்கச் செய்து பொருள் உதவினார். 1930இல் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள மாங்க் கோனிஸ்டன் நிலத்தொகுதி விலைக்கு வந்தது. நேஷனல் டிரஸ்டிடம் அப்போது போதிய பணம் இல்லை. அம்மையார் அதனை முழுதும் தாமே வாங்கி, பாதியை அந் நிலையத்திற்கு வாங்கிய விலைக்கே கொடுத்து, சில ஆண்டுகள் அதன் மேற்பார்வையையும் ஏற்றார்.

ஆட்டுச்சந்தைகளில் ஆண்களோடு நின்று பரிசுகள் வென்ற அவரை, ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் 1943இல் தன் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தது. ஒரு பெண்ணை அப் பதவிக்குத் தேர்ந்தது அதுவே முதன்முறை. கற்றோர் கழகம் உட்புகவும் இடந்தராத ஒருவரை, மலையிடையர்கள் தலைமை ஏற்குமாறு அழைத்தனர். ஆனால் அப் பதவியை ஏற்கும் முன்னரே, 1943 டிசம்பர் 22ஆம் நாள், அம்மையார் உலக வாழ்வை நீத்தார்.

உயிலைப் படித்தபோது அவர் விட்டுச்சென்ற செல்வத்தின் அளவு தெரிந்தது. பதினான்கு பண்ணைகளும் நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் நேஷனல் டிரஸ்டுக்கு உரியவாயின. மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். 1951இல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அம் மலைநாட்டைக் காக்க உழைத்தவர் பலர். அவர்களுள் பாட்டர் அம்மையாருக்குத் தனியிடம் உண்டு. ஏனெனில் அவர் கொடுத்த பொருளின் ஊற்று, எண்ணற்ற வீடுகளில் குழந்தைகளுக்கென வாங்கப்பட்ட ஒரு ஷில்லிங் நூல். நோயுற்ற சிறுவன் ஒருவனை மகிழ்விக்க ஓடிய முயற்குட்டி, ஒரு மலைநாட்டையே மீட்டுத் தந்தது.

அவர் உடலின் சாம்பலை இடையர் டாம் ஸ்டோரி அம் மலைச்சாரலில் தூவினார்; எவ்விடத்தில் என்பதை வெளியிடவில்லை. இளமையில் தம் எண்ணங்களை மறைத்து எழுதியவர், முடிவிலும் தம் இடத்தை மறைத்தே வைத்தார். கல்லறையோ நினைவுத் தூணோ அங்கே அவருக்கு வேண்டியதில்லை. இன்றும் வேலியில்லாத அம் மலைகளில் ஹெர்ட்விக் ஆடுகள் தம் எல்லை தவறாது மேய்கின்றன. தாயின் பின்னே குட்டிகள் நடந்து கற்கின்றன.

மாணவ நண்பர்களே, அடுத்த மழைக்குப்பின் வழியோரத்தில் ஒரு காளானைக் கண்டால், ஒரு கணம் குனிந்து பாருங்கள். உற்றுப் பார்ப்பதற்குப் பட்டமும் வேண்டாம், எந்தக் கழகத்தின் அனுமதியும் வேண்டாம். பியாட்ரிக்ஸ் பாட்டர் தம் வாழ்வைத் தொடங்கியது அங்கேதான்.